நாலாவது எஞ்சின்

மூன்றாவது எஞ்சினையும் டொனால்ட் அங்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

லோரியின் முதுகில் கட்டியிருந்த அரைக் காடியைப் பார்த்து மெக்கானிக் ஹஃபீஸ் பெருமூச்சு விட்டான். வெளிநாட்டில் வெட்டி, கப்பலில் வந்த காரின் முன்பாதி அது. மூக்கு, விளக்கு, எஞ்சின் எல்லாம் இருந்தன. சீட்டுக்குப் பின்னால் வெறும் காற்று.

“அங்கிள், உங்க காடியோட அதே மாடல். கியர்பாக்ஸ் பொருந்துது, ஒரு வயர்கூட வெட்ட வேணாம். ஜேபிஜே ஆபீஸ்ல எஞ்சின் நம்பரை மாத்திட்டா முடிஞ்சுது. இதுல என்னலா குறை?”

“சத்தம் பத்தல.”

“பூனை மாதிரி ஓடுது அங்கிள். பெரிய காடிக்கு அதுதானே அழகு?”

“என் பழைய எஞ்சின் மாதிரி வரணும்பா.”

“உங்க பழைய எஞ்சினுக்கு உடம்பு சரியில்ல. அது எங்க ஓடுச்சு? இருமிக்கிட்டில்ல இருந்துச்சு.”

“அந்த இருமல்தான் எனக்கு வேணும்.”

எதிர் வீட்டு மணியம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, அங்கிளின் பக்கத்து வீட்டு வனஸ்ஸாவிடம் குனிந்தாள்.

“தோட்டத்துத் துரை ஊருக்குப் போறப்ப, டிரைவரா இருந்த இவருக்குக் காடியக் குடுத்துட்டுப் போனாரு. அன்னைக்கே இந்த மனுசனுக்குப் பாதி புத்தி போச்சு. மிச்சம் இப்ப. எஞ்சின் பாக்குறவன் பானெட்டுல காத வைப்பான். இவரு எங்க வச்சாரு பாத்தியா? உன் வீட்டுச் செவுத்துல.”

வனஸ்ஸாவும் பார்த்தாள். சிரிக்கத் தெம்பில்லை. தோளில் ஐந்து மாதப் பாப்பா வீறிட்டுக் கொண்டிருந்தது.

முன்பெல்லாம் ஆறரை மணிக்கெல்லாம் தூங்கிவிடும் பிள்ளை. என்ன ஆனதோ, இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் அழுகைதான். கணவன் ஜேசன் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவன். அவன் வருவதற்குள் அவள் நூறு வியாதி யோசித்து முடித்திருப்பாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காது, தொண்டை, எடை எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றதில்தான் அவள் இன்னும் பயந்துபோனாள். பேரில்லாத வியாதிக்கு எந்தப் புனிதரிடம் ஜெபிப்பது?

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை அழுகிறது. இந்த மனிதருக்கோ எஞ்சின் சத்தம்தான் கவலை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவருடைய காடிக் கொட்டகை. கார் நன்றாக இருந்த காலத்திலும் தொல்லைதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறி உட்கார்ந்து, எங்கும் போகாமல், அரை மணி நேரம் எஞ்சினை ஓட விடுவார். அந்தச் சத்தத்தைப் பற்றி அவளே ஜேசனிடம் புகார் சொல்லியிருக்கிறாள்.

“அங்கிள், அடுத்ததை என் பட்டறையிலயே வந்து கேளுங்க. தூக்கிட்டு மலை ஏற முடியல” என்றான் ஹஃபீஸ்.

“இல்ல, இங்கதான் கேக்கணும். அதே ஆறு மணிக்கு வா.”

வனஸ்ஸாவுக்குப் பொறுக்கவில்லை.

“அங்கிள், பாப்பா தூங்கி ரெண்டு வாரம் ஆச்சு. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. இதுல நீங்க வேற தினம் ஒரு எஞ்சினக் கொண்டாந்து உறும விடுறீங்க.”

“நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கம்மா.”

“உங்களுக்குப் புள்ள இல்ல. அதான் காடி பெருசாத் தெரியுது.”

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு சுட்டது. அவர் “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு லோரி வந்து நின்றது. பாப்பா அழ ஆரம்பித்திருந்தது. வனஸ்ஸா அதைத் தோளில் போட்டு, அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள்.

வெளியே எஞ்சின் பிடித்தது.

கடக் கடக் கடக் கடக்.

சுவரே அதிர்ந்தது. ஒரு நிமிடம் பொறுத்தாள். இரண்டு நிமிடம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியாமல், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவைத் திறந்து வெளியே போனாள்.

கொட்டகையில் டொனால்ட் அங்கிள் கண்ணை மூடி, அவள் வீட்டுச் சுவரில் காதை ஒட்டி நின்றார். அவளை அவர் பார்க்கவில்லை.

ஹஃபீஸ் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தப் போனான்.

“நிறுத்தாத” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“அங்கிள், இது டாக்சிக்குப் போட்ட டீசல் எஞ்சின். உங்க காடியில உக்காரும், இல்லேங்கல. ஆனா ஜேபிஜேக்கு நாலு நடை நடக்கணும். துரை காடிக்குள்ள தேயிலை ஃபேக்டரி ஓடுற மாதிரி இருக்கும்.”

“அதே தட்டுற சத்தம். இதான், இதையே போடு.”

“எதுக்கு அங்கிள்? எங்கயும் போகாத காடிக்கு.”

“தினம் ஆறு மணிக்கு எதுக்கு ஓட விட்டேன்னு நினைக்கிற? காடி படுத்த அன்னைக்கு ஆரம்பிச்ச அழுகை, இப்பத்தான் நின்னுருக்கு.”

திட்டுவதற்குத் திறந்த வாயை வனஸ்ஸா மூடிக்கொண்டாள். அப்போதுதான் தோள் கனப்பது தெரிந்தது. கழுத்தில் பாப்பாவின் மூச்சு, சூடாக, ஒரே சீராக.

ஹஃபீஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

“துரை காடியில டாக்சி எஞ்சினான்னு லயத்து சனமே சிரிக்கும் அங்கிள்.”

“சிரிக்கட்டும். மெதுவா சிரிக்கச் சொல்லு, புள்ள தூங்குது.”