கூவாத சேவல்கள்

முட்டை இன்னும் சூடாக இருந்தது.

மூங்கில் பஞ்சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி குனிந்து எடுத்தாள். செவலைக் கோழி நகர்ந்து இடம் விட்டது. பக்கத்தில் கறுப்பு, ஒன்றும் அறியாதது போல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

செவலைக்கு இடது காலில் சிறுவிரல் நுனி இல்லை.

கறுப்புக்கும் இல்லை.

அடுத்த வீட்டு வெள்ளத்தாய் தன் குஞ்சுகளுக்குப் போடுகிற அடையாளம் அது.

முந்தாநாள் அந்த வீட்டில் குலவைச் சத்தம் கேட்டது. வெள்ளத்தாயின் மகள் பிரதீபா பெரியவளாகிவிட்டாள். இன்று காலையில் வெள்ளத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, பிள்ளைக்குப் பச்ச முட்ட குடுக்கணும். கடையில வெள்ள முட்டதான் கெடக்கு. உங்ககிட்ட நாட்டுக்கோழி முட்ட இருக்குமா?"

இருக்கு, கொண்டுவந்து தாறேன் என்று சொல்லி அனுப்பினாள் இவள்.

ஆவணியில் இதே வாசலுக்குத்தான் வெள்ளத்தாய் கூடையோடு வந்தாள். உள்ளே நாலு குஞ்சுகள். இரண்டரை மாதம். தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோயிருந்தது. மிஞ்சியதில் சேவல் எது, பெட்டை எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் அதற்கு இவளை விட்டால் ஆள் கிடையாது.

பிள்ளை பெரியவளாகிற வயசு, முட்டைக்கு ஆகும் என்றுதான் வளர்க்கிறேன் என்றும் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இவள் கூடைக்குள் கையை விட்டாள்.

மற்றவர்கள் கொண்டையைப் பார்த்து ஏமாறுவார்கள். பெட்டையிலும் சிலதுக்கு முந்திக்கொண்டு சிவந்துவிடும். இவள் கொண்டையோடு நிறுத்த மாட்டாள். காலின் தடிப்பைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு குஞ்சை மடியில் அமுக்கிப் பிடித்து, வாலுக்கு மேலே முதுகு இறகை விரலால் கோதி விரிப்பாள். நுனி கூராக, பளபளவென்று வந்தால் சேவல். உருண்டு மழுங்கியிருந்தால் பெட்டை. இறகு பொய் சொல்லாது.

இரண்டு குஞ்சுகள் நிஜமாகவே சேவல்.

செவலைக்கும் கறுப்புக்கும் கொண்டைதான் சிவந்திருந்தது. இறகு உருண்டிருந்தது. இரண்டும் நல்ல வாகு. ஈடு தவறாமல் முட்டையிடுகிற இனம்.

"நாலும் சேவதான் வெள்ளத்தாயி" என்றாள்.

ஆசைதான். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

நாலு சேவலை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று வெள்ளத்தாய் சோர்ந்துபோனாள். இரண்டு தீபாவளிக் கறிக்கு ஆகும், மற்ற இரண்டுக்கு மாற்றாக ஒரு பெட்டை கொடுங்களேன் என்றாள். எந்த இரண்டு என்பதை இவளே தேர்ந்தெடுத்தாள். மாற்றாகக் கொடுத்தது முட்டையிடுவதை நிறுத்தியிருந்த கிழட்டுக் கோழி. தங்கமான கோழி என்று சொல்லிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து செவலையும் கறுப்பும் பஞ்சாரத்தை விட்டு வெளியே வந்ததில்லை. பஞ்சாரத்துக்கு மேல் ஒரு சாக்கும் போட்டிருந்தாள்.

வெள்ளத்தாய் ஒரு நாளும் அவற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது ஐந்து முட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கண்ணு தப்பிப்போச்சு வெள்ளத்தாயி. கொண்டையப் பாத்து ஏமாந்துட்டேன்.

யார் நம்புவார்கள்? இவள் கண்ணுக்குத் தப்பாது என்பது தெருவுக்கே தெரியும்.

பிரதீபா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். தனித் தட்டு, தனித் தம்ளர். முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தது.

வெள்ளத்தாய் ஒரு முட்டையின் மண்டையைத் தட்டி, பக்குவமாக ஓட்டை போட்டு, மகள் கையில் கொடுத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் உறிஞ்சினாள். காலி ஓட்டைத் திரும்ப வாங்கி, அதில் நல்லெண்ணெய் ஊற்றினாள் தாய்.

பிரதீபா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அத்தை, இது செவல போட்டதா, கறுப்பு போட்டதா?"

எண்ணெய்ப் புட்டி அப்படியே நின்றது.

"பேசாம எண்ணெயக் குடி தாயி" என்றாள் வெள்ளத்தாய். இவள் பக்கம் திரும்பவில்லை.

சேவல் என்றால் கூவ வேண்டும்.

கொண்டை, கால், இறகு எல்லாம் பார்க்கத் தெரிந்தவளுக்கு அது மட்டும் தோன்றவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு சேவல்களும் ஐப்பசியில் தீபாவளிக்கு முன்பே கூவத் தொடங்கிவிட்டன. இந்தப் பக்கம் ஒரு கூவல் இல்லை. சாக்குக்கு அடியிலிருந்து கடைசியில் கேட்டது, முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு.

வெள்ளத்தாய் தெரிந்துதான் மதினி என்று கூப்பிட்டிருக்கிறாள். தெரிந்துதான் இருக்குமா என்று கேட்டிருக்கிறாள்.

இவளுக்கு முகம் எரிந்தது. கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிள்ளை எண்ணெய் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இவளையே பார்த்தாள்.

"செவலதான் தாயி" என்றாள் இவள்.

பிறகு, "உங்க செவல."