நானுஓயா இறக்கத்தில் ஒரு கரண்டு ஜீப்

முள் ஏறிக்கொண்டிருந்தது. நுவரெலியாவில் புறப்பட்டபோது பாதியில் நின்ற சார்ஜ் முள், நானுஓயாப் பாதையில் நாலு வளைவு இறங்கியதும் பாதியைத் தாண்டி நின்றது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜெயரத்தினம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார். "ஓட ஓடக் கூடுது, என்ன?" என்றார்.

"ஆமாங்க சேர். கரண்டு ஜீப்போட விசேசமே அதுதாங்க," என்றார் பக்கத்தில் இருந்த சூசைரட்ணம். சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் இந்த ஜீப் தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அதன் வண்டவாளம் தெரிவது ஏற்றத்தில்தான். பெட்டரி கிழடு தட்டிப்போய், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். இது சூசைரட்ணத்துக்குத் தெரியும், பிரேக்கை மிதித்து மிதித்து மகிழ்ந்துகொண்டிருந்த பெரிய மனிதருக்குத் தெரியாது.

சூசைரட்ணம் மரக்கறி லொறி வைத்துத் தொழில் செய்பவர். வெளிநாட்டுக்காரர்கள் நடத்திய ஏதோ ஒரு திட்டம் மூட்டை கட்டியபோது ஏலத்தில் விட்ட ஜீப் இது. பெட்ரோல் செலவு இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். கீழே போன ஜீப்பை ஒவ்வொரு முறையும் லொறியில் கயிறு கட்டி இழுத்து வரவேண்டியிருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் ரோட்டோரம் நின்று, மாடு செத்துப்போச்சா என்று விசாரித்தார்கள். மனைவி பவுலின், கோயிலுக்கு நடந்தே போவேன், இதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தன்னைவிடப் பெரிய ஏமாளி ஒருவன் தலையில் இதைக் கட்டினால்தான் இனி ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று அவர் இருந்த நேரத்தில், ஜெயரத்தினம் தானாக வந்து ஜீப்பைக் கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், கல்விக் கந்தோரில் பெரிய அதிகாரி. மகள் மெரினாவை விஞ்ஞானப் பிரிவில் சேர்க்கச் சொல்லிப் போன பவுலினிடம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லி அனுப்பியவர். பவுலின் அன்று அழுதுகொண்டு வந்தது சூசைரட்ணத்துக்கு இன்றும் ஆறவில்லை. வேறு எவன் தலையில் கட்டினாலும் பாவம், இந்த மனிதன் தலையில் கட்டினால் புண்ணியம் என்று நினைத்தார்.

ஒரே ஒரு பயம்தான். கையெழுத்துப் போடுமுன் ஜீப்பைத் திருப்பி மேலே ஏற்றிப் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. அதனால்தான் எழுத்து வேலைக்கு நானுஓயாவில் இருக்கிற சமாதான நீதவானிடம் போவோம் என்று சூசைரட்ணம் ஏற்பாடு செய்திருந்தார். போகிற வழி முழுக்க இறக்கம்.

பாதி வழியில் ஜெயரத்தினம் திடீரென்று ஜீப்பை ஓரங்கட்டினார். மேலே திருப்பப் போகிறார் என்றே சூசைரட்ணம் நினைத்தார். மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டார். ஜெயரத்தினமோ சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, பனி படிந்த முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் இறக்கத்திலேயே விட்டார்.

என்ன மனிதன் இவன் என்று சூசைரட்ணத்துக்கு அருவருப்பாகக்கூட இருந்தது. காலையில் வாசலில் வைத்து சில்லை உதைத்துப் பார்த்தார், ஹோர்ன் அடித்துப் பார்த்தார், சீட்டைத் தூக்கி கரப்பான் இருக்கிறதா என்றும் பார்த்தார். மேலே ஏற்றிப் பார்க்க மட்டும் ஒருதரமும் கேட்கவில்லை. படித்த படிப்பெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். விலை பேசும்போது மட்டும் கெட்டி, கேட்டதில் பாதிக்கு மேல் அசையவே இல்லை. தொலைந்து போகட்டும் என்று சூசைரட்ணம் அதற்கும் தலையாட்டியிருந்தார்.

நானுஓயா ஸ்டேசன் ரோட்டில், அலுமாரியும் கட்டிலும் ஏற்றிய லொறி ஒன்று பின்பாதி வெறுமையாக நின்றது. யாரோ வீடு மாறுகிறார்கள் போலும். அதற்குப் பக்கத்திலேயே ஜெயரத்தினம் ஜீப்பை நிறுத்தினார். நீதவான் வீட்டில் கையெழுத்து வேலை தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் சூசைரட்ணத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம்தான். ஆனால் அந்த முகம் சுருங்குவதைப் பார்க்காமல் போனால் பவுலினிடம் எதைச் சொல்வது?

"சேர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேங்க. இது ஏத்தம் ஏறாது. நாங்க தோட்டத்து ஆளுங்கதானே, வெவரம் பத்தாது," என்றார் பல்லைக் காட்டிக்கொண்டு.

ஜெயரத்தினத்தின் முகம் சுருங்கவில்லை. பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு லொறிக்காரனுக்குக் கை காட்டினார். அவன் இரண்டு நீளப் பலகைகளை இறக்கி, லொறியின் வெறும் பாதிக்குச் சாய்த்து வைத்தான்.

"தெரியும். போன மாசம் நீர் இதைக் கட்டி இழுக்கேக்க, பின்னால வந்த பஸ்ஸில நானும் நிண்டனான்," என்றார். "இப்ப சண்டையில மூடிக்கிடந்த வடக்குப் பாதையும் திறந்திட்டாங்கள், எனக்கு ஊருக்கு மாற்றமும் வந்திட்டுது."

சூசைரட்ணம் லொறியில் இருந்த அலுமாரியையும் கட்டிலையும் திரும்பிப் பார்த்தார்.

"யாழ்ப்பாணத்தில ஏது காணும் ஏத்தம்?"