இருபது வருஷத்துக் கடை

கரியாஹாட் கடைத்தெருவின் நடைபாதையில் நான்கு கைக்குட்டைகளையும் மனைவியின் பழைய சால்வையையும் விரித்துவிட்டு, அன்றுதான் முதன்முதலாகக் கடை போட்டு உட்கார்ந்திருந்தார் குஹா பாபு. மாநகராட்சி எடுக்கும் நடைபாதை வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் ஏறிவிட்டால் புது மார்க்கெட்டில் கடை நிச்சயம் என்று காலையில் மீன் வாங்கும்போது காதில் விழுந்திருந்தது.

பக்கத்தில் ஒரு நிஜ வியாபாரியைக்கூடக் காணோம். ‘தூங்குமூஞ்சிகள்!’ என்று சிரித்துக்கொண்டார்.

தடித்த ஃபைலோடு வந்து நின்றார் மாநகராட்சி அதிகாரி தபதி மண்டல்.

“எத்தனை வருஷமா இங்க கடை போடறீங்க?”

“இருபது வருஷம் மேடம்! துர்கா பூஜைக் கூட்டத்துலகூட எழுந்ததில்ல.”

“அப்போ ஜனங்க எப்படி நடப்பாங்க?”

“ரோட்டுல இறங்கிச் சுத்திக்கிட்டுப் போவாங்க. நாம எழுந்தா எடம் போயிடுமே!”

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு தாளை நீட்டினார். குஹா பாபு சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

“கடை எந்த மாடியில மேடம்?”

“கடையா? இது நடைபாதையை அடைச்சவங்க மேல கேஸ் போடற லிஸ்ட்டு. விஷயம் தெரிஞ்சு மத்தவங்க விடியறதுக்குள்ள மூட்டை கட்டிட்டாங்க.”

குஹா பாபுவின் கை சால்வையைச் சுருட்டத் தொடங்கியது.

“நில்லுங்க. எதிர் வீட்டு மாடியில குடியிருக்கிறவர் பதினோரு புகார் எழுதியிருக்கார். அவர்தான் சாட்சி. வந்து உங்களை அடையாளம் காட்டட்டும். அவர் பேரு…”

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். புகாரைப் பார்த்தார். ஈரம் காயாத கையெழுத்தைப் பார்த்தார். அதே சுழி.

“நல்லதாப் போச்சு குஹா பாபு. சாட்சியைத் தேடி நான் மாடி ஏற வேண்டியதில்ல.”