புகார் இல்லாத மாடி

"எட்டாவது மாடியா? உங்க கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் ஏதாவது வந்திருக்கா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். எதிரே நின்றவர் அவள் பிரிவில் வேலை பார்ப்பவர். அவரை அலுவலகத்தில் எல்லோரும் 'புகார்ப் பெட்டி' என்றுதான் சொல்வார்கள். நாற்காலி கிறீச்சிடுகிறது, ஏசி காற்று நேரே கழுத்தில் அடிக்கிறது, மெஷினில் வருவது காபியே இல்லை என்று தினம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். இன்றைக்குக் கூடவே ஒரு கணிப்பையும் கொண்டுவந்திருந்தார்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு மேடம். என் நாற்காலிதான் சரியில்ல. எட்டாவது மாடி இன்சூரன்ஸ்காரங்க காலி பண்ணப் போறாங்க."

"அப்போ நாலாவது மாடிக்காரங்க?"

"அவங்க எங்கயும் போக மாட்டாங்க."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலாவது மாடிக்காரர்கள் லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று ஒருநாள் சண்டைக்கு வருவார்கள், வேகமாகப் போகிறது என்று மறுநாளும் வருவார்கள். எட்டாவது மாடியோ தங்கமான மாடி. வாடகை நாள் தவறாது. பல்பு எரியவில்லை என்றுகூட ஒரு ஃபோன் வராது.

வாடகைக்கு இருப்பவர்களில் யார் காலி செய்வார்கள் என்று கணிக்கும் இந்தப் பிரிவையே அவள்தான் ஒற்றை ஆளாக உண்டாக்கினாள். அலுவலகக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டி வாடகைக்கு விடும் வேலையில் செருப்புத் தேய நடந்தவள் அவள். எந்த நிறுவனம் தங்கும், எது கிளம்பும் என்பதைத் தரவுகளே காட்டிக்கொடுக்கும் என்று கேள்விப்பட்டு, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸை முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். கற்றது வீண் போகவில்லை. வேறொரு ஊரில் இருக்கும் பெரிய நிறுவனம் தலைமைப் பதவி தருகிறோம் என்று கூப்பிடுகிறது. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

போனால் அவள் அங்கே, கணவர் இங்கே. காலையில் கட்டில்மேல் கிடந்த ஈரத்துண்டை எடுத்து உலர்த்திக்கொண்டேதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உன் இஷ்டம்" என்றார்.

அவளுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஒரு காலத்தில் கொஞ்சம் தாமதமாக வந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர். இப்போதெல்லாம் சாம்பாரில் உப்பில்லை என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் புலம்பலைக் கேட்டு அலுத்துப் போகிறவளுக்கு அந்த வீட்டு அமைதி ஒன்றுதான் ஓய்வு.

"சரி, இப்பவே கேட்டுடுவோம்" என்று புகார்ப் பெட்டியின் வாயை அடைப்பதற்காகவே எட்டாவது மாடி மேலாளருக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டாள்.

"சார், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற விஷயமா..."

"நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். வேற இடம் பார்த்துட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க மேல ஏதாவது குறையா சார்?"

"ஆரம்பத்துல நிறைய இருந்துச்சு. சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். அப்புறம் விட்டுட்டோம்."

ஃபோனை வைத்தாள். எதிரே நின்றவர் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. கழுத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதுவரைக்கும் வந்த புகாரையெல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன் மேடம். சண்டை போடறவங்க யாரும் காலி பண்ணல. இங்கதான் இருக்கப் போறோம்னு நெனக்கிறவன்தானே ஒழுகுற குழாயைப் பத்திக் கவலைப்படுவான்? கத்திக்கிட்டு இருந்தவங்க திடீர்னு வாயை மூடிட்டாங்கன்னா, மனசுக்குள்ள பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம்." வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்த நாற்காலியைக் கொஞ்சம் பாருங்க மேடம்."

கதவு மூடியதும் அவளுக்கு உப்பில்லாத சாம்பார் ஞாபகத்துக்கு வந்தது. 'உன் இஷ்டம்' என்ற அந்தக் குரலும் வந்தது. உடனே வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"சொல்லும்மா" என்றார் கணவர்.

"ஏங்க, என் மேல ஏதாவது குறை இருந்தா சொல்லிடுங்க. லேட்டா வர்றது, சமையல், எதுவா இருந்தாலும் சரி. நல்லா திட்டுங்க."

"என்னாச்சு உனக்கு?"

"நீங்க என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா?"



"நானா? நான் எங்க போகப் போறேன்? நீதான் எப்பவோ போயிட்ட" என்றார் மெதுவாக. "கட்டில் மேல ஈரத்துண்டைப் போட்டா முன்னெல்லாம் வீடே இடியற மாதிரி கத்துவ. ஒருநாள் மறந்து போட்டேன், நீ ஒண்ணும் சொல்லல. அதுலேர்ந்து தினமும் வேணும்னேதான் போடறேன், என்னைக்காவது திட்டுவியான்னு. நீ பாட்டுக்கு எடுத்துக் காயப் போட்டுட்டுக் கிளம்பிடற. அப்புறம் நான் மட்டும் உப்பு, புளின்னு குறை சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவரை ஒரு வார்த்தையாவது திட்டிவிட வேண்டும் என்று அவள் அவசர அவசரமாக மனசுக்குள் தேடினாள். ஒரு குறைகூட அகப்படவில்லை.