பாதி கழற்றிய சாக்ஸ்

"எடுத்துரலாம்" என்றார் டாக்டர் சிவசுப்பிரமணியன், ஏதோ வாழைத்தாரைச் சொல்வது போல.

எடுக்கப்பட வேண்டியது மாணிக்கவேலின் இடது கால். சர்க்கரைப் புண். வியாழக்கிழமை, கணுக்காலுக்கு மேலே.

பட்டினச்சேரியில் விசைப்படகு ஓட்டுகிற மனுஷர் அவர். ஆடுகிற தளத்தில் ஒற்றைக்காலில் நிற்க அவர் என்ன கொக்கா?

"மாட்டேங்க" என்றார்.

டாக்டரிடம் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அவருடைய பட்டங்கள் அடங்காமல்தான் காரைக்கால் கிளினிக்கின் வாசல் பலகையை ஒரு முழம் நீட்டியிருந்தார்கள்.

மிஷின் விற்க வந்த காதர் பாட்சா ஓரமாக நின்றிருந்தார். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதன் வயர் முனையைத் தோலில் வைத்தால் சிவப்பாக வெளிச்சம் அடிக்கும். உள்ளே சதைக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகிறதென்று நம்பர் சொல்லும்; நம்பர் குறையக் குறைய புண் ஆறுவது கஷ்டம். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது.

"இவருக்கு வெச்சுக் காட்டுங்க. மிஷினே சொல்லட்டும்" என்றார் டாக்டர்.

மிஷின் ஐம்பத்தெட்டு என்றது.

"பரவால்லையே சார்! புண்ணு ஆற வாய்ப்பிருக்கு" என்று வாய்விட்டார் காதர் பாட்சா. வியாபாரம் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

"டப்பா மிஷின். யாருக்கு வெச்சாலும் இதைத்தான் காட்டும்" என்றார் டாக்டர்.

மாணிக்கவேலின் மனைவி தையல்நாயகி, இரண்டு மாதமாக அந்தப் புண்ணைக் கழுவுகிறவள், சும்மா இருக்கவில்லை. "அப்ப உங்க கால்ல வைங்களேன் சார். அதேதான் வருதான்னு பாத்துருவோம்."

நர்சுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினார்.

"கறுப்பு சாக்ஸுங்க சார், வெளிச்சம் போவாது" என்றார் காதர் பாட்சா.

டாக்டர் தயங்கினார். பிறகு புறங்கால் தெரிகிற அளவுக்கு மட்டும் சாக்ஸை இறக்கினார், விரல்கள் வெளியே வராமல்.

முப்பத்தொன்று.

"பாத்தீங்களா? தப்பாக் காட்டுது!" என்று காலை வெடுக்கென்று இழுத்தார். சாக்ஸ் கழன்று தரையில் விழுந்தது.

யாரும் மிஷினைப் பார்க்கவில்லை. டாக்டரின் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பிளாஸ்திரி. ஓரமெல்லாம் மஞ்சளாகச் சீழ் ஊறியிருந்தது. அந்த மஞ்சள் தையல்நாயகிக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வாயைத் திறந்தாள். மாணிக்கவேல் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கத்திய உள்ள வைங்க சார்" என்றார். "மருந்து கட்டுங்க. ரெண்டு பேருக்கும்."