மிஞ்சிய கல்

"ஒண்ணுமில்லம்மா. கல்லு கொஞ்சம் மிஞ்சிப்போச்சாம். இன்னொருக்கா தொறந்து எடுக்கணுமாம்."

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள் லோஜினி. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னது வேறு. ஆறு வாரத்துக்கு முன் கல்லுக்காக வெட்டி எடுத்த அம்மாவின் பித்தப்பையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் புற்றுநோய் இருந்தது. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தில் ஈரலில் ஒரு துண்டையும், சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சீக்கிரமே எடுத்துவிட வேண்டும்.

"எடுத்தா நல்ல வாய்ப்பு இருக்கு. நிச்சயம்னு சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க மகள்" என்றிருந்தார்.

அக்கரப்பத்தனையில் இருட்டோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்த களைப்பில் அம்மா காளியாயி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "கல்லுதானே? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். இப்ப வலிகூட இல்ல."

காயத்தைப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். கட்டிலில் ஏறி இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார்.

லோஜினி கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் தெரிந்தன, எதுவும் மனதில் ஏறவில்லை. அவள் நிமிர்ந்தபோது அம்மா இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நல்லா ஆறியிருக்கு" என்றார் டொக்டர். "அம்மா என்ன சொல்றாங்க?"

"பயப்படுறாங்க" என்றாள் லோஜினி சிங்களத்தில்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் அவள். எதையும் பிள்ளைகளுக்கு மூன்று விதமாக விளக்கத் தெரியும். இந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஊசி போட்ட இடம் மரத்திருப்பதுபோல உடம்பு முழுவதும் மரத்துக் கிடந்தது.

அம்மா இறங்கி வந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "போவமா? பத்தரை பஸ்ஸப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிரலாம்."

"செஞ்சுக்கம்மா."

"அதான் வலி இல்லங்கிறேனே."

"எனக்காகச் செஞ்சுக்கம்மா."

"கல்லுக்கு எதுக்குப் புள்ள இப்படிக் கேக்குற?"

லோஜினி கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள். அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி. என்னைக்குன்னு கேளு."

அடுத்த வியாழக்கிழமை வந்து வார்டில் படுக்க வேண்டும் என்றார் டொக்டர். ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, கீழே பதிந்துவிட்டு வரச் சொன்னார். லோஜினி அதை வாங்கிக்கொண்டு போனாள். கதவை மூட மறந்துபோனாள்.

டொக்டர் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். காளியாயி கதவைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஈரலையும் வெட்டினா, எந்திரிச்சு நடக்க எத்தனை நாளாகும் டொக்டர்?"

பேனா நின்றது. அவள் கேட்டது தடங்கலில்லாத சிங்களத்தில்.

"அம்மாவுக்குச் சிங்களம் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னால கம்பளையில ஒரு சிங்கள வீட்டுல எட்டு வருஷம் சமையலுக்கு நின்னேன். புள்ளைங்ககிட்ட அதெல்லாம் பேசுனதில்ல."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நடக்க ரெண்டு மூணு நாளிலேயே விட்டுவிடுவோம், வீட்டுக்குப் போகப் பத்து நாளாகலாம், மலையேறிக் கொழுந்து பறிப்பதை இப்போதைக்கு மறந்துவிட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

படியில் லோஜினியின் செருப்புச் சத்தம் கேட்டது. காளியாயி மேசையின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு வெளங்கிருச்சுன்னு அவகிட்ட சொல்லிராதீங்க."