சனத்தொகை இரண்டாயிரத்து நானூறு

2009 மே 30, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. கனடாவில், ஸ்காபரோ மண்டபத்தில் எண்பது கதிரைகளும் நிறைந்திருந்தன. தலைவரின் பேச்சை நடுவில் மறித்தவர் ஒரே ஒருவர். பெயர் சூசைதாசன்.

இலங்கையில் போர் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இலந்தைத்துறை மக்கள் ஒன்றியம் பிரித்தானியப் பிரதமருக்கு ஒரு மனு எழுதியிருந்தது. அதோடு ஒரு பட்டியல். வன்னியில் அகப்பட்டுத் தகவல் இல்லாமல் போன ஊரவர் நாற்பத்தொரு பேரின் பெயர்கள் அதில் இருந்தன. பட்டியல் நிவாரண அமைப்புகளுக்கும் போகும். பெயர் இருந்தால் முகாம் முகாமாகத் தேடுவார்கள்.

எல்லோரும் வரலாம் என்று வானொலியில் அறிவித்திருந்தார்கள்.

மேடையில் தலைவர் பத்மநாதன் கொதித்துக்கொண்டிருந்தார்.

“எங்கட ராச்சியத்தை மற்ற ராச்சியங்களோட ஒண்டாக் கட்டினது ஆர்? வெள்ளைக்காரன். எங்களைக் கேட்டவனோ? போகேக்க முழு நாட்டையும் பெரும்பான்மையின்ர கையில குடுத்திட்டுப் போனான். அப்பவாவது கேட்டவனோ?”

“இல்லை!” என்றது மண்டபம்.

“இந்த ரொறன்ரோவிலயே 1837இல சனம் துவக்குத் தூக்கிக் கலகம் செய்தது. ஏன்? நாலைஞ்சு குடும்பம் கூடியிருந்து முழு மாகாணத்தையும் ஆண்டது. வெள்ளைக்காரனே வெள்ளைக்காரனிட்டக் கேட்டான், எங்களைக் கேளாமல் எங்களை ஆள நீ ஆர் எண்டு!”

கைதட்டல் ஓய்வதற்குள் சூசைதாசன் எழுந்துவிட்டார். மிசிசாகாவில் விமானங்களுக்குப் பொதி ஏற்றும் வேலை அவருக்கு. வேலை உடுப்போடேயே வந்திருந்தார்.

“அண்ணை, பட்டியலில ஒரு பேர் விடுபட்டுப் போச்சு. என்ர தங்கச்சி கிளடிஸ். மே பத்தாந் தேதிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.”

“தம்பி, பேச்சு முடியட்டும்.”

“செயலாளருக்கு ஒரு கிழமையாப் போன் அடிக்கிறன் அண்ணை. பதில் இல்லை.”

முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். “அங்க சனம் செத்துக் கிடக்குது, உவருக்கு இஞ்ச சண்டை!”

“ஆர் உவரை அனுப்பினது?” என்றது இன்னொரு குரல்.

செயலாளர் இரத்தினவேல் மைக்கை வாங்கினார். அவருடைய தாய் கமலாம்பிகைதான் பட்டியலில் முதல் பெயர். எழுபத்தெட்டு வயது, நடக்கமாட்டாத மனுஷி. மகன் சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகியிருந்தது முகத்தில் தெரிந்தது.

“சூசை, கோவிக்காதையும். பட்டியல் அங்கத்தவர் குடும்பங்களுக்கு மட்டும். விதி நாலு. ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் செலவு குடுக்கிற உபயகாரக் குடும்பங்கள்தான் அங்கத்தவர். நான் எழுதின விதி இல்லை.”

“எங்கட கிழக்குத் தெருக்காரரைச் சாதி சொல்லி அந்தக் கோயில் வாசலுக்கே விடேல்லையே. பிறகு நாங்கள் எங்க நிண்டு திருவிழா செய்யிறது?”

யாரோ இருமினார்கள். கிழக்குத் தெருவிலிருந்து அன்று வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

“உந்தப் பழங்கதை இப்ப தேவையோ?” என்றார் பத்மநாதன். “இது ஒற்றுமையா நிக்கிற நேரம்.”

“ஒற்றுமையா நிக்கத்தான் அண்ணை ஒரு வரி கேக்கிறன்.” வாசலில் கொடுத்த மனுவின் பிரதியை சூசைதாசன் விரித்தார். “முதலாம் பக்கத்தில ‘எமது ஊரின் சனத்தொகை இரண்டாயிரத்து நானூறு’ எண்டு போட்டிருக்கிறியள். கிழக்குத் தெருவை விட்டா ஆயிரத்து அறுநூறுதான் வரும். எண்ணேக்க நாங்கள் வேணும், பேர் எழுதேக்க வேண்டாமோ?”

“அது வேற, இது வேற.”

“வெள்ளைக்காரனும் இதைத்தான் சொன்னவன்.”

பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி முழங்கையால் இடித்தாள்.

பத்மநாதனின் முகம் கறுத்தது. “சரி, சனநாயக முறைப்படி செய்வம். வாக்கெடுப்பு. அங்கத்தவர் இல்லாத ஆக்கள் வெளியில நில்லுங்கோ.”

ஆக்கள் என்று ஒருவர்தான். அவர் போய்க் கார் தரிப்பிடத்தில் நின்றார்.

உள்ளே கைகள் உயர்ந்தன. சேர்க்கலாம் என்றவர்கள் பதினொரு பேர். வேண்டாம் என்றவர்கள் அறுபத்திரண்டு பேர்.

“ஒருத்தியைச் சேர்த்தா நாளைக்கு முழுத் தெருவும் வந்து நிக்கும்” என்றார் இரத்தினவேல். அவருடைய கை அறுபத்திரண்டில் ஒன்று.

முடிவைச் சொல்ல அவரே வெளியே வந்தார்.

“அடுத்த பொதுக்கூட்டத்தில பாப்பம், சூசை. எனக்கும் அம்மாவை நினைச்சு மண்டை வெடிக்குது.”

சூசைதாசன் மனுவின் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பொதுக்கூட்டம் எப்ப?”

“ஒக்டோபர் கடைசியில.”

“அவளுக்கு அதுவரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லி ஆரிட்டச் சொல்லி விடுறது?”

இரத்தினவேல் உள்ளே போனார். பத்மநாதன் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார். ஆளப்படுகிறவனின் சம்மதம் இல்லாத ஆட்சி ஆட்சியே இல்லை என்ற வரிக்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

மனு, சனத்தொகைக் கணக்கில் ஓர் எண்ணும் மாறாமல், திங்கட்கிழமை தபாலில் போனது. பிரதமரிடமிருந்து பதில் வரவில்லை.

பட்டியலுக்கு வந்தது. 2009 ஒக்டோபர் 6ஆம் தேதி நிவாரண அமைப்பு ஒன்று செயலாளருக்கு எழுதியது: “கமலாம்பிகை, வயது 78. உயிருடன் இருக்கிறார். போர்முனையிலிருந்து இவரைத் தூக்கிவந்து, முகாமில் உடனிருந்து பராமரிப்பவர்: கிளடிஸ், அதே ஊர்.”